அவர் தினமும் என்ன செய்கிறார்?

"ஹீ இஸ் ட்ரிங்கிங் காப்பி."

"தப்பு! ஒரே வரியில ரெண்டு தப்பு!" டீச்சர் மேசையில் அடித்த அடியில் ஸ்கேல் எகிறி அலமாரியின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. "'இஸ் ட்ரிங்கிங்'னா இந்த நிமிஷம் குடிச்சிட்டு இருக்கார்னு அர்த்தம். எங்கே, காட்டு பார்ப்போம், இந்த ரூம்ல எந்த மூலையில உட்கார்ந்து குடிக்கிறார்? தினமும் செய்ற பழக்கத்துக்கு 'ட்ரிங்ஸ்'. அதோட, காப்பி இல்லம்மா, டீ!"

"ஹீ ட்ரிங்ஸ் டீ," என்றாள் தையல்காரி, வாய்க்குள்ளேயே.

"பட்டன் வைக்காம சட்டையைக் கொடுத்துடுவியா நீ? அந்த 'எஸ்'ஸை மட்டும் ஏன் முழுங்குறே?"

மூன்று வாரமாக இதே பாடம். எதிர்வீட்டுக் கிளி எப்போதோ நிகழ்காலத்தில் தேறி, இறந்தகாலத்துக்குப் போய்விட்டது. தையல்காரிக்குத்தான் ஏறவில்லை. இலக்கணம் சரியாக வந்தால் விவரம் தப்பும். விவரம் சரியாக வந்தால் இலக்கணம் தப்பும்.

அவளுக்கு வெளிநாட்டில் ஓர் ஆடை ஆலையில் வேலை கிடைத்திருந்தது. கணவனையும் கூட்டிப் போகலாம் என்றார்கள். அவளுக்குக் கணவன் இல்லை. டீச்சரிடம் ஒருவர் இருந்தார்.

ஆகவே போன வருஷம் டீச்சர் தன் கணவரை விவாகரத்து செய்தார். அடுத்த மாதமே அந்தக் கணவரும் தையல்காரியும் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் காகிதத்தில்தான். அங்கே போய் இரண்டு வருஷத்தில் அந்தக் காகிதத்தையும் கிழித்துவிட்டு, அவர் டீச்சரையும் மகளையும் வரவழைத்துக்கொள்வார். நான்கு தடவை விசா மறுக்கப்பட்ட குடும்பத்துக்கு இது ஒன்றுதான் வழி.

நாளைக் காலை நேர்காணல். கணவன் மனைவியைத் தனித்தனி அறையில் வைத்துக் கேட்பார்களாம். பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் எல்லாம் போச்சு. அதற்காகவே டீச்சர் இருபது வருஷக் குடித்தனத்தை ஒரு நோட்டில் எழுதி, அவளை மனப்பாடம் செய்ய வைத்துக்கொண்டிருந்தார்.

"குறட்டை?"

"ஹீ ஸ்னோர்... ஸ்னோர்ஸ்."

"மெதுவாவா, சத்தமாவா?"

"தெரியலையே டீச்சர்."

"உனக்கு எப்படித் தெரியும், பாவம்! மேல் மாடிக்காரங்க பூகம்பம்னு பயந்து இறங்கி ஓடியிருக்காங்க. 'லவுட்லி'ன்னு எழுதிக்கோ." டீச்சர் பெருமூச்சு விட்டார். "கட்டின புருஷனை இப்படி விலாவாரியா எழுதி இன்னொருத்தி கையில கொடுத்தவ உலகத்துலயே நான் ஒருத்திதான்."

"பயமா இருக்கு டீச்சர். சார் முகத்தை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை."

கதவு திறந்தது. கணவர் வந்தார்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க. செருப்பைக் கழட்டிட்டு நேரா சமையலறைக்குப் போங்க. இந்தாங்க பேப்பர், பேனா."

"எதுக்கு?"

"பரீட்சை. நோட்டுல இல்லாத கேள்வி ஒண்ணு கேட்கப் போறேன். ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல எழுதணும்."

"இந்த வயசுல இது வேறயா?"

"அரை நிமிஷம்தான். யோசிக்கவே கூடாது. நாளைக்கு அந்த ஆபீசர் உங்களை யோசிக்க விடுவாரா?" டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி குரலை உயர்த்தினார். "காலையில எழுந்ததும் அவர் செய்ற முதல் வேலை என்ன? ஸ்டார்ட்!"

சமையலறையில் ஒரு பேனா ஓடியது. கூடத்தில் இன்னொன்று ஓடியது. காகிதத்தில் முகம் புதைத்து இருவரும் 'எஸ்' போடுவதா வேண்டாமா என்று மட்டும் கவலைப்பட்டார்கள்.

எழுந்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கத்துவார். அது டீச்சருக்குத் தெரியும். இவளுக்கு எப்படித் தெரியும்? பதில் மோதத்தான் போகிறது; மோதியதும் சொல்லிக்கொடுக்கலாம் என்று காத்திருந்து, இரண்டு தாள்களையும் வாங்கினார்.

அவருடையதில், 'ஐ வாட்டர் த ரோஸ் பிளான்ட்.'

அவளுடையதில், 'ஹீ வாட்டர்ஸ் த ரோஸ் பிளான்ட்.'

"அட! அச்சு அசலா ஒத்துப்போச்சே! ஒரு தப்புகூட இல்லை! பாஸ், ரெண்டு பேரும் பாஸ்!" என்று கைதட்டிய டீச்சரின் கை பாதியில் நின்றது.

டீச்சர் வீட்டில் செடி என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.