கூப்பிடு தூரத்துக்குத் தெரியணும்

“டிரைவரு ஆயில் மாத்தத்தான சொல்லிட்டுப் போனாரு?” என்றார் மெக்கானிக் மீரா சாகிபு.

“அவருக்கு என்ன தெரியும்? மொதல்ல முன்னாடி இண்டிகேட்டரப் பாருங்க பாய். எரியுறதே தெரியல. சைடு லைட்டு மின்மினி கணக்கா இருக்கு!” சென்னய்யா அந்தப் பழைய ஆஸ்டின் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

சாகிபு விளக்குகளின் துருவைச் சுரண்டினார். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை உள்ளே ஒட்டி, புதுப் பல்புகளை மாட்டினார். சென்னய்யா திருச்சுழி ரோடு பிரியும் முக்குவரை ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தார்.

“போடுங்க பாய்! ஆத்தாடி, இங்கன வரைக்கும் பளிச்சுனு தெரியுது!” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். குதித்தபடியே பட்டறைக்குத் திரும்பினார்.

அங்கே டிரைவருடன் மில் முதலாளி ரங்கராஜ் நின்றிருந்தார். “என் கார்ல லைட்ட மாத்தச் சொன்னது யாரு?”

“இவுகதான். உங்க வீட்டு ஆளுன்னுல்ல நெனச்சேன்!” என்றார் சாகிபு.

“நீ யாருய்யா?”

சென்னய்யா முழங்கைச் சிராய்ப்பைக் காட்டினார்.

“தெனமும் உங்க காருக்கு எதுத்தாப்புல நூல் மூட்டையோட சைக்கிள்ல வாரவன் மொதலாளி. நீங்க எந்தப் பக்கம் திரும்புவீகன்னு தெரியாம மூணு தடவ கருவ முள்ளுல விழுந்துட்டேன். இனிமே தைரியமா வாங்க!”