இரண்டு பட்டைகள்

மண்சரிவில் புதைந்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணின் கை மட்டும் வெளியே தெரிந்தது. சூசை அதைப் பற்றிக்கொண்டிருந்தான். அவன் மணிக்கட்டுப் பட்டை மஞ்சளாகிவிட்டது. மன அழுத்தம் கூடிப் பட்டை சிவந்தால் மீட்புப் பணியாளர் உடனே வெளியேற வேண்டும்.

"போயிடாதீங்கண்ணே," என்றாள் உள்ளிருந்து.

"எங்கயும் போகலம்மா."

எத்தனை பிணம் எடுத்தாலும் மாதையனின் பட்டை பச்சைதான். குழுவில் அவனுக்குக் கல்லு என்று பெயர். அவன் சூசையின் பட்டையைக் கழற்றித் தன் மறு கையில் கட்டிக்கொண்டான்.

"கல்லுல கட்டினா செவக்காதுடா. நீ அந்தப் புள்ளகூட இரு."

ஆட்கள் தோண்டி முடிப்பதற்குள் அந்தக் கை சில்லிட்டுவிட்டது. சூசை அதை மெல்லக் கீழே வைத்து, சிலுவை அடையாளம் வரைந்து திரும்பினான்.

அதிகாரியின் கண்ணில் படாமல் மாதையன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தான். பட்டைகள் இரண்டும் சிவந்திருந்தன.