லோடு பார்த்த வாரம்

“நாலு வண்டி சார்ஜ் ஏறணும்கிறதுக்காக, நாலு பிளாக்கும் இருட்டுல உட்காரணுமா?”

குடியிருப்போர் சங்கத் தலைவர் கூட்டத்தில் எழுந்து இப்படிக் கேட்டார்.

பின்வரிசையில் இருந்த பிசியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதருக்கு ‘முட்டுக்கட்டை’ என்று பட்டப்பெயர் வைத்தவர் யாரோ, அவர் வாயில் சர்க்கரை போடலாம் என்று நினைத்துக்கொண்டாள். தன் பழைய பெட்ரோல் காரைக் காலையும் மாலையும் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறவருக்கு மற்றவர் கஷ்டம் எங்கே தெரியப்போகிறது?

அவள் கஷ்டம் இதுதான். வீடு வீடாகப் போய், விழுந்து எழ முடியாதவர்களை நடக்க வைக்கிற பிசியோதெரபி அவள் வேலை. அவளுடைய மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. இத்தனை பெரிய குடியிருப்பின் பார்க்கிங்கில் வண்டிக்கு ஒரு பிளக் கிடையாது. தினமும் குழந்தைகள் காப்பகத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு, ஊர்க் கோடியில் இருக்கிற சார்ஜிங் நிலையத்தில் கால்கடுக்க நின்றுவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். பார்க்கிங்கில் சார்ஜர் போடுகிற இந்தத் திட்டமும் கைவிட்டுப் போனால் வீட்டைக் காலி பண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. காப்பகத்துக்குப் பக்கத்தில் இந்த வாடகைக்கு இன்னொரு வீடு குதிரைக்கொம்புதான்.

சங்கம் அழைத்திருந்த இன்ஜினீயர் பொறுமைசாலி. பார்க்கிங் முழுக்க நடந்து, எந்தத் தூணில் சார்ஜர், எந்தச் சுவரோரம் கேபிள் என்று ஏற்கெனவே சாக்பீஸால் குறித்து வைத்திருந்தார். டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்பது மட்டும்தான் பாக்கி என்றார். இது வெயில் கொளுத்துகிற வாரம், எல்லா வீட்டு ஏசியும் ஓடும், மெயின் போர்டில் மீட்டர் மாட்டிப் பார்த்துவிடலாம். எல்லா வீடும் சேர்ந்து இழுக்கிற கரண்ட், அதாவது லோடு, ஒரு அளவைத் தாண்டாவிட்டால் தாராளமாக சார்ஜர் போடலாம்.

“தாண்டினா?” என்றார் தலைவர்.

“புது டிரான்ஸ்பார்மர் வர்ற வரைக்கும் பொறுத்துக்கணும் சார்.”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?” என்று தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பிசியோ முதல் வேலையாக ஏசி ரிமோட்டைத் தூக்கி பீரோ மேல் போட்டாள். ஒரு வீட்டு ஏசியால் ஒன்றும் ஆகிவிடாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

“ஏசி ரிப்பேராம்மா?” என்று மகள் கேட்டாள்.

“ஆமாண்டா கண்ணு” என்று கூசாமல் ஒரு பொய். ஈரத்துண்டை ஜன்னலில் தொங்கவிட்டு, அம்மாவும் பெண்ணும் வெறும் தரையில் புரண்டே வாரத்தைத் தள்ளினார்கள்.

மறு கூட்டத்தில் இன்ஜினீயர் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார். வெயில் இல்லாத போன மாதத்தைவிட இந்த வாரம் லோடு குறைவாம். எப்படி என்று அவருக்கே புரியவில்லையாம். எப்படியோ, திட்டம் பாஸ். கைதட்டல் காதைப் பிளந்தது.

பிசியோவுக்குக் கை எழவில்லை. குழந்தைகள் ஓடி விளையாடுகிற இடம் அந்தப் பார்க்கிங். தான் ஏசியை அணைத்துக் குறைத்த அளவை நம்பி, நாளைக்கு லோடு தாங்காமல் கேபிள் பற்றிக்கொண்டால்? தன் பெண்ணும்தானே அங்கே ஓடுகிறாள்? வீடு போனால் போகட்டும் என்று எழுந்துவிட்டாள்.

“சார், அந்த அளவு சரியில்ல. நான் வாரம் பூரா ஏசியே போடல. லோடு குறையட்டும்னு வேணும்னேதான் அணைச்சு வெச்சேன். மறுபடியும் அளந்து பாருங்க.”

தலைவர் அவளை முறைத்தார். மற்றவர்கள் என்னவோ தொலைத்த மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு வீட்டு ஏசிக்கு இவ்வளவு இறங்காதும்மா” என்ற இன்ஜினீயர், சுற்றிலும் குனிந்திருந்த தலைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். “சரி, அந்த அளவை விட்டுடுவோம். லோடு ஏறினா சார்ஜரைத் தானா நிறுத்தி, இறங்கினதும் மறுபடி ஓட விடற கருவி ஒண்ணு இருக்கு. அதையும் சேர்த்து வெச்சுடறேன். வண்டி மெதுவாத்தான் சார்ஜ் ஏறும். ஆனா கேபிளும் சூடாகாது, எந்த வீட்டு விளக்கும் அணையாது.”

எல்லாரும் தலைவர் வாயையே பார்த்தார்கள்.

“இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?” என்று எரிந்து விழுந்தார் தலைவர். “போடுங்க.”

பிசியோவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தூங்கிவிட்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்கு வந்தாள். அங்கே தலைவரின் மனைவி புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு நின்றிருந்தார். கழுத்து முழுக்க வேர்க்குரு.

“ஏம்மா, அணைச்சதோட விட்டிருக்கக் கூடாதா? எழுந்து வேற சொல்லணுமா? எங்க வீட்டு மனுஷன் வெலவெலத்துப் போயிட்டார்.”

“சார் எதுக்கும்மா பயப்படணும்? அவர்தான் ஆரம்பத்துலேர்ந்தே வேணாம்னாரே?”

“தலைவர்னு உட்கார்ந்தா அந்தக் கேள்வியைக் கேட்டுத்தானே ஆகணும்?” என்று அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். “ஆனா, ‘அந்தக் குழந்தை தினம் இப்படித் தோள்லயே தூங்கிட்டு வருதே’ன்னு, வீடு வீடாப் போய் ஏசியை அணைக்கச் சொல்லிக் கெஞ்சினதும் அவர்தாம்மா.”