ஊசி குத்திய கழுத்து

இடுப்பு நிமிர விடாமல் வலித்தது. சிமெண்டு மூட்டை தூக்கும் பெரியண்ணன், சீன வைத்தியர் லிம் அம்மாவின் கட்டிலில் முதுகெல்லாம் அக்குபங்சர் ஊசியோடு குப்புறக் கிடந்தான். போன வாரம் அவர் எழுதிக் கொடுத்த நோய் லீவுச் சீட்டு, சீன வைத்தியர் தந்தது என்பதால் செல்லாது என்று முதலாளி ஒரு நாள் சம்பளத்தை வெட்டிவிட்டார். வேறு சீட்டு கேட்டுப் போனபோது, தான் பார்க்காத நோய்க்கு எழுத முடியாது என்று கிளினிக் டாக்டர் தர்மசீலன் கையை விரித்தார்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ முனகினார்கள். திரும்பிப் பார்த்தான். தர்மசீலன்தான். கழுத்து நிறைய ஊசி.

"டாக்டரய்யா, நீங்களா?"

"கழுத்து திரும்பலப்பா."

"இந்தம்மா எத்தன வருசம் படிச்சவங்க?"

"அஞ்சு."

"நீங்க?"

"நானும் அஞ்சுதான்."

"அப்புறம் ஏன் இவங்க சீட்டு மட்டும் செல்லல?"

லிம் அம்மா வந்து இருவரின் ஊசிகளையும் ஒரே மாதிரி திருகிவிட்டுப் போனார்.

"நாளைக்கு கிளினிக்குக்கு வா, எழுதித் தரேன்" என்றார் டாக்டர், தரையைப் பார்த்தபடியே.

மறுநாள் போனான். கிளினிக் பூட்டியிருந்தது. டாக்டருக்கு உடம்பு சரியில்லை, இன்று லீவு என்று கதவில் ஒட்டியிருந்தது. பெரியண்ணனுக்கு அந்த ஒரு நாள் சீட்டு இன்னும் பாக்கி.