உப்புத்தாள் போட்ட புதுசு

எபனேசரின் அறைச் சுவரில் இரண்டு பேஸ் கிட்டார்கள் தொங்கின. பழசு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய்ப் பெயிண்ட் உரிந்து கிடந்தது. புதுசு போன மாதம்தான் வந்தது; இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

மனுஷனுக்கு என்ன தோன்றியதோ, ஒருநாள் புதுசை இறக்கி உப்புத்தாளால் பரபரவென்று தேய்த்தார். "அடிபட்ட கிட்டாருக்குத்தான் கெத்து," என்றார். மறுநாள் பழசுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, வயிற்றில் பேட்டரியும் வைத்தார். "இந்தக் காலத்துச் சத்தம் வேணுமே."

சுவருக்குத் திரும்பியதும் இரண்டும் ஒன்றையொன்று வெறித்தன.

"தம்பி, நீதானா? என் காயமெல்லாம் உன் மேல எப்படிடா வந்துச்சு?" என்றது பழசு.

"தெரியலண்ணே. என் பளபளப்பு உங்க மேல இருக்கே! இப்ப நம்மள்ல யாரு பழசு?"

"நேத்து வரைக்கும் நான்தான்."

சாயங்காலம் டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் வந்தார். புதுசின் கீறல்களைத் தடவி, "எத்தனை மேடை பார்த்திருக்கும்!" என்று உருகினார்.

"கணக்கே இல்ல," என்றார் எபனேசர், நிஜமாகவே கண் கலங்கி.

புதுசு பதறிப்போய்ப் பழசிடம் கிசுகிசுத்தது:

"அண்ணே, எந்தெந்த மேடைன்னு கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன். யாராவது கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"