சின்னத்தாயிக்குப் பேச்சு வேண்டாம்

“போதும் நர்ஸம்மா. இவளுக்குப் பேச்சு வர வேணாம். நாங்க ஊருக்குப் போறோம்.”

சிவபாக்கியம் இப்படிச் சொன்னதும் நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீ பெத்த தாய்தானா?”

வராந்தாவில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அறுபத்திரண்டாம் வருஷம்.

பெஞ்சில் சின்னத்தாயி. பத்து வயது. பூம்பாறைப் பிள்ளை. அப்பனோடு உருளைக்கிழங்குக் காட்டுக்கு ராத்திரிப் பன்னிக் காவலுக்குப் போனவள். விடியலில் அப்பன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். மண்டையில் வீக்கம். நினைவில்லை.

முனி அறைந்துவிட்டது என்றது ஊர். கோழி அறுத்தார்கள்.

கண் விழித்தாள். பேச்சு போயிருந்தது. வலது கை துவண்டு தொங்கியது. வெளிச்சம் பட்டால் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சும்மா சிரித்தாள். கைக்குக் கிடைத்ததை வீசினாள்.

“கழுதைக்குத் திமிரு,” என்றார்கள்.

“திமிர் இல்லை. மூளையில பட்ட அடி,” என்றாள் நர்ஸ். “பழக்கப் பழக்கத்தான் திரும்பும். விடாம கூட்டிட்டு வாங்க.”

அப்பன் நல்லுசாமி விடவில்லை. வாரா வாரம் கிழங்கு லாரியில் ஏறி, இறங்கி, மேட்டில் பிள்ளையைச் சுமந்துகொண்டு வந்தான். நர்ஸ் சீப்பை எடுப்பாள், கரண்டியை எடுப்பாள். தொடச் சொல்வாள், பேர் சொல்லச் சொல்வாள். பிள்ளை அவள் வாயையே பார்க்கும். சீப்பு, வெறும் ‘பூ’ என்று வந்தது. போன வாரம் ‘தண்ணி’ என்றாள், சுத்தமாக.

அன்றிலிருந்துதான் சிவபாக்கியம் மல்லுக்கு நிற்கிறாள்.

“தண்ணி கேக்கத் தெரிஞ்சிருச்சுல்ல? பொம்பளப் பிள்ளைக்கு அதுக்கு மேல என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு?”

“நல்லா இருக்கு உன் நியாயம்!” என்றாள் பக்கத்திலிருந்த ஒருத்தி. “அந்த மனுசனைப் பாரு. தோள்ல தூக்கிட்டு அலையுறாரு. நீயும் இருக்கியே, கல்நெஞ்சுக்காரி.”

நல்லுசாமி யாரையும் பார்க்கவில்லை.

“நீங்க ஆரம்பிங்க நர்ஸம்மா.”

“ஏங்க, சொன்னாக் கேளுங்க. வேணாங்க.” அவன் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

“சும்மா இரு.”

நர்ஸ் இன்று சீப்பை எடுக்கவில்லை. நல்லுசாமியைப் பிள்ளைக்கு எதிரே உட்கார வைத்தாள்.

“இது யாரு, தாயி?”

பிள்ளை பார்த்தது. உதடு இழுத்தது.

“அப்... பா.”

வராந்தாவே கை தட்டியது. நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அப்பாகிட்ட இன்னும் ஏதாச்சும் சொல்லு, கண்ணு.”

நல்லுசாமி கிட்டே குனிந்தான். பிள்ளையின் இடது கை சட்டென்று மேலே போய்த் தன் தலையைப் பொத்திக்கொண்டது.

“பன்னி... வந்தது... தெரியலப்பா. தூங்கிட்டேன். அடிக்காதப்பா.”

கை தட்டல் நின்றது.

சிவபாக்கியம் முகத்தில் அறைந்துகொண்டு அழுதாள். “இதுக்குத்தானே வேணாம்னேன்! பேச்சு வந்தா இவ இதைத்தான் சொல்லுவாள்னு எனக்குத் தெரியாதா?”

பிள்ளையின் கையைத் தலையிலிருந்து மெல்ல இறக்கினான் நல்லுசாமி.

“எனக்கும் தெரியும்,” என்றான். “தெரிஞ்சுதான் தூக்கிட்டு வந்தேன்.”