வளவுக்கு ஒரு பட்டு

பெட்டியைத் திறந்ததும் வாசனைதான் முதலில் வந்தது. வேறு யாரோ பூசிக்கொண்ட சென்ட்.

அவள் மகளின் திருமண வரவேற்புக்கு வந்த லெஹங்கா. சொந்தமாக வாங்கினால் லட்சத்தை நெருங்கும். வாடகை அதில் பத்தில் ஒரு பங்குதான். விழா முடிந்ததும் அதே பெட்டியில் மடித்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

"வாடகைன்னு யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. முக்கியமா அவங்க வீட்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மகள் முறைத்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிரித்த காரணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கல்யாணத்துக்கு முன் மதுரையில் அவள் குடும்பம் இருந்தது ஒரு வளவு. ஒரே வாசல், உள்ளே எட்டுக் குடித்தனம்.

எட்டுக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பட்டுச் சேலை.

முதல் வீட்டு தனலெட்சுமி அக்காவுடையது. அரக்கு நிறம், கையகலச் சரிகை. மற்றவர்கள் அப்படி ஒன்று எடுக்க வேண்டுமானால், பல மாதச் சம்பளத்தை அப்படியே கொண்டுபோய்க் கடையில் கொட்ட வேண்டும்.

யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் சேலை அந்த வீட்டுக்கு வந்துவிடும். வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனதும் நிழலில் உலர்ந்து, மடிந்து, முதல் வீட்டுக்குத் திரும்பிவிடும். வெளியாருக்குத் தெரியாது. தெரிந்தால் வளவுக்கே மானக்கேடு.

அன்று அவள் முறை.

அதற்கு முன் அவளைப் பார்த்தவர்களெல்லாம் ஊருக்குப் போய்க் கடுதாசி போடுவதாகச் சொன்னவர்கள். ஒரு கடுதாசியும் வரவில்லை. இதுவும் தட்டிப்போனால் அப்பா ஒடிந்துவிடுவார். அந்தப் பயத்தோடுதான் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மாப்பிள்ளையைப் பார்க்கத் தோன்றவில்லை. அவருடைய தாயாரின் முகத்தைத்தான் பார்த்தாள்.

அந்த அம்மாள் அவளைப் பார்க்கவில்லை. சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தானையை எடுத்துப் பெருவிரலால் தடவினார். ஓரத்தில் தீப்பொறி பட்டுப் பொத்தலாகி, நூலோட்டி அடைத்த இடம் ஒன்று உண்டு. விரல் அங்கே போய் நின்றது.

"இந்தச் சேலையை எங்கேயோ பார்த்திருக்கேனே."

அப்போதுதான் அந்த முகம் அவளுக்கும் ஞாபகம் வந்தது. தை மாதம் மூன்றாம் வீட்டு இந்திராணியைப் பெண் பார்க்க ஒரு கூட்டம் வந்ததே, அதில் அந்த மாப்பிள்ளைக்கு உறவாக இந்த அம்மாளும் இருந்தார். அன்று இந்திராணி இதே சேலையில் வந்துதான் எல்லோரையும் கும்பிட்டாள்.

"கடையில பார்த்திருப்பீங்க," என்றாள் அவளுடைய அம்மா. பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல்.

"இருக்கும்," என்றார் அவர். முந்தானையை அவள் தோளில் எடுத்துப் போட்டுவிட்டுக் காபியைக் குடித்தார்.

அவர்கள் போனதும் சேலையோடு சுருண்டு உட்கார்ந்து அழுதாள்.

பட்டில் ஈரம் பட்டுவிடப் போகிறதே என்று அம்மா பதறினாள். முதலில் சேலையை மாற்று, அப்புறம் அழு என்றாள்.

இந்த முறை கடுதாசி வந்தது. பெண் பிடித்திருக்கிறதாம்.

முகூர்த்தச் சேலை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. கடையில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார்கள். அவள் விலைச்சீட்டுகளை ஓரக்கண்ணால் பார்த்து, இருப்பதிலேயே மலிவான ஒன்றைத் தொட்டாள்.

மாமியாராகப் போகிறவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். ஓரமாகத் தள்ளிவைத்தார். அவள் பக்கம் திரும்பாமலே கடைக்காரரிடம் சொன்னார்.

"இது ஒரு ஆள் கட்டத்தான் தாங்கும் தம்பி. நல்லா கெட்டியா எடுத்துப் போடுங்க. இவ வளவுல இன்னும் நாலு பிள்ளைக இருக்குக."

அவளுடைய அம்மா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏதோ ஒரு சேலையின் விலைச்சீட்டை வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தாள்.

லெஹங்கா மகளின் மடியில் பாதி விரிந்து கிடந்தது.

"உன் முகூர்த்தச் சேலையை நான் பார்த்ததே இல்லையேம்மா. எங்க இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? நான் கட்டினது கல்யாணத்தன்னைக்கு ஒரு நாள்தான்."

சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"போன வருஷம் ஒரு வளைகாப்பு போட்டோல பார்த்தேன். எட்டாம் வீட்டுக்காரவுக பேத்தியாம். அந்தப் பிள்ளை பேருகூட எனக்குத் தெரியாது. என்னா எடுப்பா இருந்துச்சுங்கிற!"